பலகைக் கூண்டும் கண்ணாடித் தொட்டியும்

என்னங்க, விடிகாலையில் சமையலறையில் தடால் என்று ஒரு சத்தம். ஓடினால், நம் ஹாம்ஸ்டர் குண்டன் கொட்டிய அரிசிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். நான் செய்த பலகைக் கூண்டின் மூலையைக் கொறித்தே வெளியே வந்துவிட்டான். "தச்சு வேலை செய்யறவ வீட்டுக்குக் கடைக் கூண்டா?" என்று உங்களோடு மல்லுக்கு நின்றேனே, நன்றாக மூக்கறுபட்டேன்.

நான் பட்டறைக்குக் கிளம்புகிறேன். இரவு வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். சாப்பாடு அடுப்பின் மேல். குண்டன் உயரமான வாளியில் இருக்கிறான்.

பின்குறிப்பு: இப்போது வாளியில் இல்லை. அவனுக்கு விரிக்கப் பழைய துணி தேடிக் கட்டிலடியில் கைவிட்டால், அகலமான புதுக் கண்ணாடித் தொட்டி! மகளைக் கேட்டேன்.

"அப்பா போன வாரமே வாங்கிட்டாரும்மா. அம்மா ஆசையா செஞ்சது, அதுவா உடையற வரைக்கும் மூச்சு விடாதேன்னாரு."