மண் ஒட்டாத மண்வெட்டி

தெம்வாவின் அப்பாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் லிலொங்வே நகரத்து வீட்டிலும் உங்களோடு தங்கட்டும். இங்கே மழை குறைவில்லை. மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறது, ஏரியில் உசிபா மீனும் படுகிறது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூப்பர் சகேயுவை வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். நீங்கள் வருவீர்கள் என்று சபையே நம்பியிருந்தது. குழி வெட்டிய ஆண்கள் உங்களுக்கென்று ஒரு மண்வெட்டியை ஓரமாக வைத்திருந்தார்கள். வெயில் சாயும்வரை பெட்டியை இறக்காமல் காத்திருந்தோம். கடைசியில் திருச்சபைத் தலைமை அலுவலகத்துக் கார் வந்தது. இறங்கியவர் டிரைவர், கையில் ஒரு பிளாஸ்டிக் மலர்வளையம். உங்களுக்குக் கமிட்டிக் கூட்டமாம். உங்கள் இரங்கல் செய்தியை அவரே வாசித்தார். வார்த்தைகள் நன்றாகத்தான் இருந்தன. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

யாராவது உங்களைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. புருஷனைப் பறிகொடுத்த சகேயுவின் மனைவி, பாயில் இருந்தபடியே என் கையைப் பிடித்து எனக்கு ஆறுதல் சொன்னாள்: "பெரிய இடத்துல இருக்கிறவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்மா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க." எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று.

இந்தச் சபைக்கு வந்த புதிதில் ஷூவும் கழுத்துப்பட்டையுமாகக் குழிக்குள் இறங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மேலே நின்று சிரித்தவர் சகேயுதான். "போதகரே, இது பிரசங்கம் இல்ல, மண்ணு. கையில கொப்புளம் வந்தாத்தான் வழி விடும்" என்றார். அந்தக் கொப்புளங்களைப் பார்த்த பிறகுதான் ஜனங்கள் உங்களை 'எங்க போதகர்' என்றார்கள். நம் தெம்வா போனபோது, துக்க வீட்டில் வழக்கப்படி துணைக்குத் தரையில் படுத்திருந்த எல்லாரும் எழுந்து போன பிறகும் உங்கள் பக்கத்தில் கிடந்தவர் அவர் ஒருவர்தான். பிள்ளையின் குழியை நீங்கள் வெட்டக் கூடாது என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு தானே வெட்டினார்.

நீங்கள் தலைமை அலுவலகத்தில் செயலாளர் ஆனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜனங்களோடு தரையில் உட்காருகிறவர் என்றுதானே உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? தேர்ந்தெடுத்த பிறகு உட்கார நேரமில்லை என்கிறீர்கள். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் ஒன்றும் விவரமாகச் சொல்லவில்லை. அடுத்த முறை கணவரை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். மாதர் சங்கத்துப் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். களி கிளறவும் என்னை விடுவதில்லை. நீங்கள் கலங்குவீர்கள் என்று இதுவரை எழுதவில்லை. கூட்டங்கள் முடிந்ததும் வாருங்கள். முடியாவிட்டாலும் வாருங்கள்.

வந்ததும் முதலில் சகேயு வீட்டுத் தரையில் போய் உட்காருங்கள். அப்புறம் என்னிடம் வரலாம். உங்கள் மண்வெட்டியை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆலயச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார்கள், மண்கூட ஒட்டாமல் இருக்கிறது.

கர்த்தர் உங்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக. எனக்கு மட்டும் மலர்வளையம் அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தெம்வாவின் அம்மா