மூடி ஆடுச்சா?

மதினி,

மகள் அனுப்பிய மின்சாரப் பானை காலையிலிருந்து அடுக்களையில் இருக்கிறது. ஸ்லோ குக்கராம், மெதுவாகத்தான் வேகவைக்குமாம். என் வீட்டுக்காரருக்கு, உங்கள் தம்பிக்கு, வயிறு சரியில்லை; தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுப்புப் பக்கம் நிற்க எனக்குக் கால் தாங்குவதில்லை என்று, தண்ணீரையும் இதிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஊற்றிவைத்து இரண்டு மணி நேரம் ஆகிறது. கண்ணாடி மூடிக்குள் ஆவி முட்டிக்கொண்டு நிற்கிறது. மூடி மட்டும் அசையவில்லை. அதன் எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மலையிலும் நமக்கு இப்படி ஒரு மெதுவான அடுப்பு இருந்ததே. எழுபதுகளின் கடைசி. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், சூளையிலிருந்து அறைக்குள் ஓடும் இரும்புக் குழாய். மழை மாதங்களில் தோட்டத்து லயத்து வீட்டில் விறகு நனைந்து புகை மட்டும்தான் வரும். உங்களுக்கு ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலை. காலையில் போகும்போதே அலுமினியப் பானையில் தண்ணீரை எடுத்துப்போய்க் குழாய்மேல் வைத்துவிடுவீர்கள். "வெள்ளம் திளச்சோ?" என்று, தண்ணீர் கொதித்துவிட்டதா என்று, மலையாளத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். "காயி காயுற வரைக்கும் இதுவும் கெடக்கட்டும்" என்பீர்கள். சாயங்காலம்தான் மூடி ஆடும். மூடி ஆடாத தண்ணீரை என் பெண்ணுக்குக் கொடுக்க விடமாட்டீர்கள். பிள்ளை இல்லாத நீங்கள்தான் பகலெல்லாம் அவளைச் சாக்கில் பக்கத்தில் உட்காரவைத்து வளர்த்தீர்கள்.

அன்று ஏலக்காட்டு வேலையிலிருந்து நனைந்து வந்தேன். காலெல்லாம் அட்டைக்கடி. நீங்கள் சூளைக்கு விறகு எடுக்கப் போயிருந்தீர்கள். பிள்ளை தண்ணீருக்கு அழுதாள். மூடியைத் திறந்தேன், ஆவி வந்தது, போதும் என்று தோன்றியது. எனக்கு அசதி மதினி, வேறொன்றுமில்லை. ஆற்றிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்து, "மூடி ஆடுச்சா தாயி?" என்றீர்கள்.

"ஆடுச்சு மதினி" என்றேன்.

மூன்றாம் நாள் வாந்தியும் பேதியுமாகப் பிள்ளை துவண்டுவிட்டாள். ஜீப்பில் போட்டுப் போடிக்கு இறக்கினோம். கொதிக்காத தண்ணீராக இருக்கும் என்று நர்ஸ் சொன்னதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் தம்பி கத்தினார்: "எவ குடுத்தா?" நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தேன் குடுத்தேன், அவசரத்துல பாக்கல" என்றீர்கள். பிறகு ஆஸ்பத்திரித் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் மட்டும், "என்னையன்னா வஞ்சிட்டு விட்ருவான். ஒன்னைய அடிச்சே கொன்னுருவான். விடு" என்றீர்கள்.

வைததோடு அவர் விடவில்லை. பிள்ளை பிழைத்து வீடு திரும்பிய அன்றே, இனி அவளைத் தொடக்கூடாது என்று உங்களிடம் சொல்லிவிட்டார். மறுநாள் இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே சிலமலை ஊருக்குக் கிளம்பினீர்கள். "அத்தை, அத்தை" என்று பஸ்சுக்குப் பின்னால் ஓடப் பார்த்தவளை நான்தான் இழுத்துப் பிடித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடிக்குப் பயந்தது முதல் ஒரு வருடம்தான். அதற்கப்புறம் வெறும் வெட்கம். சிலமலையில் உங்களை மாலையோடு கிடத்தியிருந்த அன்று தலைமாட்டில் உட்கார்ந்து அழுதபோதும் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பானை முனகுகிறதே தவிரக் கொதிக்கக் காணோம். எழுந்து தண்ணீரைப் பாத்திரத்தில் மாற்றி கேஸ் அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூடி தடதடவென்று ஆடியது. சத்தம் கேட்டுக் கட்டிலிலிருந்து உங்கள் தம்பி குரல் கொடுத்தார்.

"நல்லாக் கொதிக்கட்டும். எங்கக்கா மாதிரி அவசரப்பட்டு எறக்கிராத."

அடுப்பை அணைக்காமல் நின்றேன். அவர் கையில் இப்போது டம்ளரைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. இருந்தும் மதினி, இன்றைக்கும் "சரி" என்றுதான் சொன்னேன்.