மேலே அறையா, கீழே அறையா

இன்று காலை சோளகக் காற்று எழும்பிவிட்டது. பலாலி வீதியால் சைக்கிளில் வரும்போது எதிர்க்காற்று சந்தைப் புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. திருநெல்வேலிச் சந்தியில் காலூன்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோதுதான் உம்முடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு அவளும் நானும் மலைநாட்டில் சைக்கிள் ஓடப் போகிறோம். உம்முடைய மலைச் சைக்கிள் இப்போது அவளிடம்தான் இருக்கிறது.

"அன்ரி, அறை எங்கை போடுறது? மேலையோ, கீழையோ?"

"உனக்கு எங்கை விருப்பம், பிள்ளை?"

"உங்கடை விருப்பம், அன்ரி."

பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். கண் கலங்கியிருந்தது. நல்லவேளை, புழுதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்த பெண்கள் நம் இருவருக்கும், ஐம்பதை நெருங்கும் வயதில் பிடித்த பைத்தியம் அது. உம்முடைய தம்பி கனடாவிலிருந்து வந்தவர், இங்கே ஓடித் திரிந்த மலைச் சைக்கிளை உம்மிடம் விட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்த பொறாமையில் நானும் ஒன்று வாங்கினேன். வாங்கிய பிறகுதான் ஓடுவதற்கு மலை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நமக்கென்று இருந்த ஒரே மலை கீரிமலை. அங்கே மலையைத் தவிர மற்றெல்லாம் இருக்கிறது.

"காத்துத்தான் எங்கடை மலை" என்று நீர் ஒரு வழி கண்டுபிடித்தீர். போகும்போது எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டும், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ள வேண்டும். ஆகவே தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்தில் கடற்கரைப் பக்கம், வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் புத்தூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை உமக்குக் கோயிலில் ஆராதனை என்பதால் சனிக்கிழமைகளில் மட்டும் ஓடினோம். புத்தூரில் தேத்தண்ணிக் கடைக்காரர் நம்மைக் கண்டதும், "பிள்ளையள், இண்டைக்கு ஆர் துரத்துறது?" என்று கேட்பார். நீர் திரும்பிப் பார்த்துவிட்டு, "வயசுதான் அண்ணை" என்பீர்.

கடைசியில் உண்மையான மலைக்கே போவது என்று முடிவெடுத்தோம். இரண்டு நாள், அப்புத்தளைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக் கல்ரோட்டுகள். எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னுடைய தொலைபேசியில் ஒரு படம், உம்முடையதில் ஒரு படம். என்னுடையது மலை உச்சியில் இருந்த பழைய பங்களா. உம்முடையது கீழே சந்தியில், ரொட்டிக் கடை ஒன்றுக்குப் பின்னால் இருந்த சாதாரண அறை.

"காலமை ஏறுவம், பின்னேரம் இறங்குவம். களைச்ச காலுக்கு இறக்கம்தான் நல்லது" என்றீர்.

"மலைக்குப் போய்க் கடைக்குப் பின்னாலை படுக்கிறதோ? இதைப் பாரும், யன்னலைத் திறந்தால் முகில் உள்ளுக்கு வருமாம்."

நீர் படத்தைப் பார்த்தீர். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடியபடி, "சரி, உம்மடை விருப்பம்" என்றீர். நான் அன்று மாலையே பங்களாவுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

உம்மடை விருப்பம் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் தெரியாதவர் உண்டா? எனக்கு உடன்பாடில்லை, ஆனால் உன்னோடு இழுபட நான் தயாரில்லை என்பதுதான் அதன் அர்த்தம். பந்தியில் இருப்பவர் போதும் என்று கையால் மறித்தால், கையை விலக்கி இன்னொரு அகப்பை சோறு வைக்கத் தெரிந்த சனம் நாங்கள். உம்மடை விருப்பம் என்பவரிடம் மட்டும் இரண்டாம் தரம் கேட்கமாட்டோம். கேட்டால் நம்முடைய விருப்பம் நடக்காமல் போய்விடுமே.

சனிக்கிழமை காலை பங்களாவிலிருந்து இறங்கினோமே, அந்த இறக்கத்தை மறக்க முடியாது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. நீர் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே முன்னால் போனீர். கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கீழே சந்தியில் ரொட்டி சாப்பிட்டோம். நீர் கை கழுவப் போன இடத்தில் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல துப்புரவான அறை" என்றீர்.

பின்னேரம் அதே பாதை ஏற்றமாக நின்றது. காற்றோடு மல்லுக்கட்டிப் பழகிய கால்கள் நம்முடையவை. காற்றாவது இடையில் கொஞ்சம் ஓயும், மலை ஓயவில்லை. இரண்டாவது வளைவில் நீர் இறங்கி உருட்டத் தொடங்கினீர். "முன்னாலை போம், நான் வாறன்" என்றீர். நானும் போய்விட்டேன். சொன்னதைக் கேட்கிற ஆள் அல்லவா நான். நீர் பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது நான் குளித்து, தேத்தண்ணியும் குடித்து முடித்திருந்தேன்.

மறுநாள் உமக்கு முழங்கால் வீங்கிவிட்டது. யன்னலோரக் கதிரையில் காலை நீட்டி இருந்துகொண்டு, "நீர் போட்டு வாரும்" என்றீர். இருவருக்கும் சேர்த்து ஓடுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். திரும்பி வந்து, என்ன செய்தீர் என்று கேட்டேன். "சும்மா இருந்தன்" என்றீர். என்னுடைய கதையைச் சொல்லும் அவசரத்தில் உம்முடையதை நான் தோண்டவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில், அடுத்தமுறை கீழேதான் என்று சத்தியம் செய்தேன். "ஓம், ஓம்" என்று சிரித்தீர்.

அடுத்தமுறை வரவில்லை. அடுத்த வருடம் உமக்கு நோய் வந்தது. சிகிச்சைக்குக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று உம்முடைய வீட்டுப் படலை வாசலில் நின்று, "நானும் வரட்டோ?" என்று கேட்டேன். வான் வண்டிக்குள் உம்முடைய பை ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டே, "உம்மடை விருப்பம்" என்றீர்.

மகள் கூடப் போகிறாள், அங்கே சொந்தக்காரர் இருக்கிறார்கள், நான் எதற்கு இடைஞ்சல் என்று நினைத்தேன். நல்லபடி போய் வாரும் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீர் திரும்பி வரவில்லை. உம்மைக் கொண்டுவந்தார்கள். உம்முடைய கோயிலில் கடைசி வாங்கில் அமர்ந்து ஞானப்பாட்டைக் கேட்டபடி, ஒரே சொல்லுக்கு இரண்டு தடவை ஏமாந்த என்னை நானே வைதுகொண்டிருந்தேன்.

இன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவியபோதே, கீழேதான் தங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். உமக்கு நான் செய்யக்கூடிய நியாயம் அதுதான் என்று பட்டது. அறை பதிய ரொட்டிக் கடைக்கு அழைக்கப் போனபோதுதான் உறைத்தது. இந்தத் தடவையும் நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகளை அழைத்தேன்.

"பிள்ளை, என்ரை விருப்பம் கிடக்கட்டும். உனக்கு எங்கை தங்க ஆசை?"

"மேலை, அன்ரி. நீங்கள் கீழை எண்டுதான் சொல்லுவியள் எண்டு பேசாமல் இருந்தன். கொழும்பிலை வலி கூடுற நேரமெல்லாம் அம்மா அந்த யன்னலைப் பற்றித்தான் கதைக்கிறவ. முகில் உள்ளுக்கு வந்து தன்ரை மடியிலை இருந்ததாம். நீங்கள் ஓடிப்போட்டு வரும்வரைக்கும் அசையாமல் இருந்தவவாம். எனக்கு அந்தக் கதிரையிலை ஒருக்கா இருக்கவேணும்."

மேலேயே அறையைப் பதிந்துவிட்டேன். பின்னேரம் ஏற்றம்தான். அவள் இறங்கி உருட்டினால் நானும் கூடவே இறங்கி உருட்டுவேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மனம் ஆறவில்லை. ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்டேன், பிள்ளை சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் வேலை. அன்று கொழும்புக்கு வான் வண்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தது. நானும் வரட்டோ என்று இன்னொருக்கால் கேட்டிருந்தால், "வாருமன்" என்று சொல்லியிருப்பீர்.