மிதவையைக் குத்தவிடாமல் மறித்தது

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் பெரியவள் சொன்னாள் என்று மருந்தை நிறுத்திவிடாதே.

இங்கே ஒரு சின்னச் சம்பவம். பயப்படாதே, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கப்பலுக்குப் போகும் உயிர்காப்பு மிதவைகளை லாரியில் ஏற்றினோம். பெட்டிக்குள் மடித்திருக்கும்; கயிற்றை இழுத்தால் தானாக ஊதிக்கொள்ளும். உடன் வேலை செய்பவர் அதைக் கைப்பிடி என்று நினைத்து இழுத்துவிட்டார். மிதவை லாரிக் கூரைவரை உப்பி மற்ற பெட்டிகளை நெருக்கியது.

"கத்தியால குத்திக் கிழிங்கய்யா, நேரமாகுது!" என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

நான் லாரிக் கதவை மறித்து நின்றேன். "உள்ள காஸ் சிலிண்டரும், ஆபத்துல கொளுத்துற வாணமும் இருக்கு. கதவுல ஒட்டின எச்சரிக்கையைப் படிச்சீங்களா?"

"பெருசு, உனக்குப் படிக்கவே தெரியாதே!"

"எழுத்துக் கூட்டிப் படிச்சேன். குத்தாதே, தள்ளி நில்லுன்னு போட்டிருக்கு."

எல்லாரையும் விரட்டிவிட்டுத் தீயணைப்பு ஆட்களை வரவழைத்தேன். அவர்கள் வால்வைத் திறந்து காற்றைப் பக்குவமாக இறக்கினார்கள்.

ஆனாலும் நான் மேற்பார்வையாளரைப் பலர் முன்னால் எதிர்த்துப் பேசினேனாம். நாளைக்குள் மன்னிப்பு எழுதித் தராவிட்டால் வேலை இல்லையாம். பள்ளிக்கூடம் மிதிக்காத நான் தட்டுத்தடுமாறிக் கற்ற எழுத்து இது. செய்யாத தப்பை எழுதுவதற்கு இல்லை.

வேலை நிலைத்தால் என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே தந்தது புதியதுதான், ஆனால் தூக்கம் பிடிக்கவில்லை. பதில் இரண்டு பக்கமாவது எழுது.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். மன்னிப்பு எழுத அவர்கள் கொடுத்த தாளில்தான் இதை எழுதியிருக்கிறேன். வேறு தாள் கேட்கப் போவதில்லை.

உன் வீட்டுக்காரன்