புயலுக்கு ஒரு மவுத்து அறிவிப்பு

தொண்டி

கண்ணியமிக்க மச்சானுக்கு, ஹாஃபிஸாவின் சலாம்.

இங்கு நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலத்துக்கு முன்னால் உயிரை எழுதியதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். போனில் நீங்கள் என்னைப் பேசவே விடவில்லை. அதனால்தான் சவூதிக்கு, உங்கள் தம்மாமுக்குத் திரும்பும் கபீரிடம் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

நம் மகள் அஃபீஃபா பட்டப்படிப்போடு சேர்த்துப் படிக்கும் சான்றிதழ் படிப்புக்கு 'வட்டார நிலைத்தன்மையும் சமூக மீள்திறனும்' என்று வாய் கொள்ளாத பெயர். புயலோ தண்ணீர்ப் பஞ்சமோ வந்தால் ஓர் ஊர் தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, மறுநாள் எப்படி எழுந்து நிற்பது என்பதுதான் பாடம் என்று எனக்கு விளங்கியது. அதற்காக நம் தெருவில் புயல் ஒத்திகை வைத்தாள். எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வர வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டிக் கூப்பிட்டாள். ஒருவரும் அசையவில்லை. எதிர்வீட்டு சூஃபியா மாமி மாடியில் நின்றபடி, நல்லபடியா போயிட்டு வாம்மா என்று கையசைத்தார்.

பிள்ளை விடுவாளா? பள்ளிவாசல் மைக்கில் அறிவிக்கச் சொல்லிக் கேட்டாள். மோதினார் ஹமீது சுல்தான் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரம் போக அந்த மைக்கைப் பிடிப்பது மவுத்துச் செய்தியும் அடக்க நேரமும் சொல்லத்தான். பழக்கத்தில், மவுத்துக்குச் சொல்வதுபோல் 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒத்திகை நடத்துகிறவள் என்று 'காஜா நவாஸ் மகள் அஃபீஃபா' பெயரையும் சொல்லி, அனைவரும் பள்ளிக்கூடத்துக்கு வரவும் என்று முடித்தார்.

தெருவே ஓடியது. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்தார்கள். நானும் அடுப்பில் மீன் ஆணத்தை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினேன். அங்கே உங்கள் மகள் வாசலில் நின்று, பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம் என்று பிரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். சூஃபியா மாமி அவள் முதுகில் ஓர் அறை வைத்து, உசுரோட இருக்கேன்னு முதல்லயே சொல்லக் கூடாதாடி என்று கட்டிக்கொண்டு அழுதார். அதற்குள் யாரோ உங்களுக்கும் போன் போட்டுவிட்டார்கள்.

அவளுடைய மாலதி மிஸ்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புயலுக்கு வராத தெரு மவுத்துக்கு வருது, இதுக்கு மேல என்ன பலம் வேணும் என்றார். இப்போது புயலுக்கென்று தனியாக வாசகம் எழுதி மோதினாரிடம் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் அறைக்குச் சூஃபியா மாமிதான் பொறுப்பு. விசில் வேண்டுமென்று என்னை நச்சரிக்கிறார்.

மச்சான், தெருவில் பெயர் கெட்டுவிட்டது, படிப்பை நிறுத்து என்றீர்கள். பெயர் ஒன்றும் கெடவில்லை. நீங்கள் சொன்னதிலிருந்து பிள்ளைதான் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. இராமநாதபுரத்தில் இந்த ஒத்திகையைப் பற்றி மேடையில் பேசினால் சான்றிதழ் தருவார்கள். அவளை முடிக்க விடுங்கள். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை நானும் மகளை இழந்தவள்தான். அவளைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை.

எத்தனை வருடம் கேட்டும் கிடைக்காத லீவு, மவுத்து என்றதும் அன்றைக்கே கிடைத்துவிட்டது. அந்த லீவுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லி, அவள் மேடையேறும் நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யாரும் மவுத்தாகாமலே ஒரு தடவை வாருங்கள்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
ஹாஃபிஸா