லாரி ஆயில்

என்னங்க,

கார் சாவியத் தேடாதீங்க, கார் பட்டறையில நிக்குது. சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க.

காலையில சவாரி ஏத்திக்கிட்டுப் பாலம் ஏறும்போது விசிலடிச்ச மாதிரி ஒரு சத்தம். பின்னாடி ஒரே நீலப் புகை. மெக்கானிக் ஆயிலத் தொட்டுப் பார்த்துட்டு, "இது லாரிக்கு ஊத்துறதாச்சே! யாரு அக்கா ஊத்துனது? இந்தச் சின்ன எஞ்சினுக்குத் தண்ணியாட்டம் ஓடுற ஆயில்தான். கெட்டி ஆயில் போய்ச் சேர்றதுக்குள்ள, எஞ்சினுக்குக் காத்தடிக்கிற டர்போ காய்ஞ்சு தேஞ்சுடும். இப்ப எஞ்சினும் சேர்ந்து போச்சு"ன்னார். தெரியலன்னுட்டேன்.

தெரியாமலா? சண்டை போட்ட மறுநாளெல்லாம் என் கார்ல ஆயில் மாத்தியிருப்பீங்க. உங்க லாரிக்கு வாங்குற அதே உசத்தி ஆயில். அதுதான் உங்க மன்னிப்புன்னு நானும் வாயமூடிக்கிட்டு ஓட்டினேன். எத்தனை சண்டை!

இனி சவாரி இல்ல. தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கோபமில்லைங்க, கோபப்படக்கூடத் தெம்பில்ல.

மறந்துட்டேன்: மாடிப்படிக்குக் கீழ புது ஆயில் கேன் ஒண்ணு பார்த்தேன். நேத்து சண்டைக்கு வாங்கினதா? அத ஊத்த இனி எஞ்சின் இல்ல. வாயத் திறந்து சொல்லிப் பாருங்க.