கொட்டடித்துச் சொன்ன ஒரே பெயர்

அக்கா,

இன்று காலை ஆரியசாலையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சரக்குக் கிட்டங்கி வாசலில் இறக்கியிருந்த வேப்பம்பிண்ணாக்கு மூட்டைகள் நனைந்து, அந்தக் கசப்பு நாற்றம் தெருவெல்லாம் பரவியது. சர்க்கார் பாதி விலைக்குத் தரும் எரு மறுபடியும் வந்திருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களுக்கு நடுவே நான் மட்டும் நின்றுவிட்டேன். எனக்கு அது உன் முந்தானையின் வாசனை.

அத்தான் தவறிப்போன பிறகு கரமனை ஆற்றங்கரை வயலைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்து நீயே நட்டாய். யுத்தத்தால் அரிசி கிடைக்காத காலம். நெல் பயிரிடுகிறவர்கள் பிண்ணாக்குக்குப் பாதி விலை கொடுத்தால் போதும், மீதியைச் சர்க்கார் கொடுக்கும் என்றார்கள். நீ போய் நின்றபோதெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மூட்டை ஏற்றிய வண்டிகளோ ஒரு நெல்மணிகூட விளையாத தென்னந்தோப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் கணக்கு எழுதும் கடை வாசலில் நின்று நாம் இருவரும் பார்த்தோம்.

“ஆருக்கெல்லாம் கிட்டுச்சுன்னு கேக்கப் போறேன். நீயும் வாடே” என்றாய்.

தாலுகா கச்சேரியில் குமாஸ்தா தலையைத் தூக்கவேயில்லை. “அதெல்லாம் ஆபீஸ் காரியமாக்கும். வெளிய சொல்லப் பற்றாது.”

“எங்க வரிப்பணம்லா சார் அது? வரி பாக்கின்னா மட்டும் தெருத்தெருவா கொட்டடிச்சுப் பேரைச் சொல்லுதீயளே. எரு வாங்குனவன் பேரையும் அப்படியே சொல்லுங்க!”

உள்ளே இருந்த மேலதிகாரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “இவங்களுக்கு ஒரு மூட்டை கொடுத்துடு. ஆசைப்பட்டபடி கொட்டும் அடிச்சிடு.”

ஜெயித்துவிட்டதாக நினைத்தாய். நானும்தான். வரும் வழியில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினாய்.

மறுநாள் கொட்டு வந்தது. அத்தானின் பெண்சாதி என்று உன் பெயரைச் சொன்னார்கள். வேறு ஒரு பெயர்கூட இல்லை. நம் ஊரில் கொட்டோடு ஒரு பெயர் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம், வரி பாக்கிக்கு ஜப்தி. கூடவே சொன்ன எருவை யார் காதில் வாங்கினார்கள்?

அன்று சாயங்காலமே வயலின் சொந்தக்காரர் வந்து நின்றார். “ஜப்திக்காரி கையில வயலு வேண்டாம். வேற ஆளு பாத்தாச்சு.”

“ஜப்தி இல்லய்யா, எரு!” என்று நீ மூட்டையையே இழுத்து வந்து காட்டினாய். அவருக்கா தெரியாது? அவர் தென்னந்தோப்புக்கும் அதே மூட்டைகள் வண்டியில் போனதை நாம் பார்த்தோமே. சொன்ன சொல்லை மாற்றாமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு நீ ஆற்றுப் பக்கமே போகவில்லை. அந்த மூட்டையை என் வீட்டு முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, “இதாவது காய்க்கட்டும் தம்பி” என்றாய். வைத்தியர் உன் நோய்க்கு என்னவோ பெயர் சொன்னார். நான் நம்பவில்லை. உன்னைக் கொன்றது அந்த வயல் கைவிட்டுப் போனதுதான்.

இன்று மழை விட்டதும் கச்சேரிக்குப் போனேன். யார் யாருக்கு எரு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். குமாஸ்தா புது ஆள். பதில் பழையதுதான். எரு வரும்போதெல்லாம் போய்க் கேட்கிறேன், இனியும் கேட்பேன். மரியாதையாகக் கேட்கத்தான் வர மாட்டேன் என்கிறது. நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான்.

எத்தனை வண்டிகள் போயிருக்கும், அக்கா! சர்க்கார் எரு வாங்கியவர் என்று இந்த ஊர்த் தெருவில் சொல்லப்பட்ட பெயர் இன்றுவரை உன்னுடையது ஒன்றுதான்.